சிவப்புப் பொட்டு

அன்புள்ள தம்பி,

மூன்று வாரமாக உன் போன் அணைந்தே கிடக்கிறது. சர்வீஸ் சென்டரில் ‘தண்ணீர் போயிருக்கு, வாரண்டி கிடையாது’ என்று கையை விரித்துவிட்டார்களாம், தங்கச்சி சொன்னாள். ஒரு வார்த்தை பேச வேறு போனே கிடைக்கவில்லையா? சரி, விடு.

முதலில் அந்த மறுப்பை எழுத்தில் வாங்கு. வாய்ப்பேச்சு நிற்காது, சித்தப்பா டிவிக்கு நடந்தது உனக்கே தெரியும். போனை வாங்கிக்கொண்டு அவர்கள் தரும் ஜாப் ஷீட்டில் புகார் எண், தேதி, போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ மூன்றும் இருக்கிறதா, ஐஎம்இஐ பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்.

அவர்கள் காட்டுவது சிம் ட்ரே போகும் துளைக்குள் இருக்கும் பொட்டளவு ஸ்டிக்கரைத்தான். வெள்ளையாக இருக்கும், ஈரம் பட்டால் சிவக்கும். எப்போது பட்டது, எவ்வளவு பட்டது என்று அதற்குச் சொல்லத் தெரியாது. நனைந்த ட்ரேயை அப்படியே செருகினாலும் சிவக்கலாம். உன் புகாரோ திரையில் மேலிருந்து கீழே ஓடும் பச்சைக் கோடு. ஆகவே கேள்வி ஒன்றுதான்: அந்த ஈரம்தான் இந்தக் கோட்டுக்குக் காரணமா? தண்ணீர் அதுவரை போயிருந்தால், திரையை உள்ளே போர்டோடு இணைக்கும் டிஸ்பிளே கனெக்டர் பின்களில் பெரும்பாலும் பச்சையாகவோ வெள்ளையாகவோ அரிப்பு பூத்திருக்கும். திறந்து, லென்ஸில் வைத்து எடுத்த படத்தைக் கேள். பின்கள் பளிச்சென்று இருந்தால் சந்தேகம் திரைப் பேனல் பக்கம், அதிலிருந்து வரும் ஃபிளெக்ஸ் என்ற மெல்லிய பட்டை இணைப்பின் பக்கம் போகும். அடிபட்டாலும் கோடு வரும் என்பார்கள். அதனால் நாலு மூலையும் நசுங்கவில்லை என்று கவுண்டரிலேயே வீடியோ எடுத்துவிடு.

‘தண்ணீர், தூசி தாங்கும், ஐபி68 தரம் என்று விளம்பரம் செய்தீர்களே’ என்று சண்டைக்குப் போகாதே. அது புதுப் போனைச் சுத்தமான தண்ணீரில் போட்டுப் பார்த்த கணக்கு. ஓரத்துப் பசை நாளாக நாளாகத் தளரும். வாரண்டித் தாளில் நீர்ச்சேதம் சேராது என்று பெரும்பாலும் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த வாதத்தில் நீ தோற்பாய்.

வெளிக்கடையில் திறக்க விடாதே. பசை பிரிந்தால் ‘வேறு ஆள் கை வைத்த போன்’ என்று முடித்துவிடுவார்கள். உனக்குப் பொறுமை கிடையாது, அதனால்தான் சொல்கிறேன். ஆனால் கணக்குப் பார்த்துப் பேசுவதில் நம் வீட்டில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

காசு கட்டும் எஸ்டிமேட்டுக்குச் சம்மதம் கொடுக்காதே. போனைத் திரும்ப வாங்கும்போது கையெழுத்துக்கு மேலே ‘மறுப்பை ஏற்கவில்லை, பழுதோடு பெற்றுக்கொண்டேன்’ என்று எழுது. பிறகு கம்பெனிக்கும் விற்ற கடைக்கும் சேர்த்து ஒரே மெயில்: வாங்கிய தேதி, புகார் எண், அவர்கள் சொன்ன காரணம், நீ கேட்பது ரிப்பேரா மாற்றுப் போனா, எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும். திட்டு வேண்டாம். வாரண்டி முடியுமுன் புகார் பதிவான தேதிதான் உன் பிடி. எல்லாம் எழுத்தில், தம்பி, எழுத்தில்.

கோடு வந்த அன்று நீ சொன்னபோது நானும் எடுத்த எடுப்பில் ‘எங்கே தண்ணியில போட்டே?’ என்றுதான் கேட்டேன். இல்லை என்றாய். மறுபடியும் கேட்டேன். நாள் முழுக்க லென்ஸில் போர்டு பார்க்கிறவள், எதையுமே பார்க்காமல் அவர்களுக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது. பேச்சு அன்றைக்கு நின்றது, போன் கெட்டதால் இல்லை.

கனெக்டர் படம் கிடைத்ததும் எனக்கு அனுப்பு. எந்நேரமானாலும் பார்க்கிறேன்.

அம்மா