முதலில் கேள்வி கேட்கப் பழகு

லியோன், பிரான்ஸ்

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். ரோன் ஆற்றங்கரையில் குளிர் தொடங்கிவிட்டது.

மகனோடு தங்க இங்கே வரப்போகிறாய், அதற்குள் பிரெஞ்சு படிக்கிறேன், வினைச்சொல் அட்டவணைகளைக் கண்டு மலைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்த அட்டவணைகளைக் கொஞ்சம் தள்ளி வை. புது ஊரில் இறங்குகிறவனுக்கு வேண்டியது கேள்விகள்தாம்.

கடையில் பால் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 'வூஸாவே த்யூ லே' என்றால் 'உங்களிடம் பால் இருக்கிறது.' அதையே கடைசியில் குரலை உயர்த்திச் சொன்னால் கேள்வி. அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் இப்படித்தான் கேட்கிறார்கள். குரல் மீது நம்பிக்கை இல்லையென்றால் முன்னால் 'எஸ்க்' சேர்: 'எஸ்க் வூஸாவே த்யூ லே?' வாக்கியத்தில் வேறு எதையும் தொட வேண்டாம். நீ முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். பஸ் ஏறும்போது, 'எஸ்க் ஸ ப்யூஸ் வா ஆ லா பார்தியூ?' ('இந்த பஸ் பார்தியூ போகுமா?') என்று கேட்டால் போதும், அங்கேயுள்ள ரயில் நிலையம் போய்ச் சேருவாய்.

மூன்றாவது வழி, வினையை முன்னே கொண்டுவருவது: 'அவே வூ த்யூ லே?' மரியாதை கூடியது. எழுத்திலும் அலுவலகங்களிலும் அதிகம். பாடநூல்கள் இதை முதலிலேயே திணிப்பது எனக்குப் பிடிப்பதில்லை. 'அருகில் மருந்துக்கடை இருக்கிறதா' என்பது 'இயாதீல் யூன் ஃபார்மஸி ப்ரே தீஸி?' நடுவே வரும் அந்த 'த்' ஒலிக்குப் பொருளே கிடையாது. 'ஆ', 'ஈல்' என்ற இரண்டு உயிரொலிகள் மோதாமல் இருக்க வருகிறது, பள்ளியில் படித்தோமே, 'மணியடித்தது' என்பதில் வரும் உடம்படுமெய் மாதிரி.

இன்னொன்று. 'பால் இல்லையா?' என்று எதிர்மறையில் கேட்டால், 'வூ நாவே பா த லே?' 'த்யூ' இங்கே 'த' ஆகிவிடும். பால் இருந்தால் கடைக்காரர் வழக்கமான 'ஆம்' ஆகிய 'வி'யைச் சொல்லமாட்டார், 'ஸீ' என்பார். எதிர்மறைக் கேள்வியை மறுத்து 'இருக்கிறது' என்று சொல்ல அவர்களுக்குத் தனிச் சொல்லே உண்டு. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

எதைக் கேட்பதானாலும் முதலில் 'போன்ழூர்' சொல்லிவிடு. வணக்கமில்லாமல் கேள்வியைத் தொடங்குவதை இங்கே மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள்.

வந்து இறங்கியதும் கேட்க நினைக்கும் கேள்விகளைப் பிரெஞ்சில் எழுதி அனுப்பு. திருத்தி அனுப்புகிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
செல்வம்