பையனை ஏணியில் ஏற்றுவதற்கு முன்

டேய் நண்பா,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் வந்து மாதக்கணக்காகிறது. பதில் போடாததற்குச் சாக்கு ஒன்றும் இல்லை, சோம்பல்தான். நெட்டையனைப் பார்த்தேன். அதே பழைய பொய்களைப் புதிதாகச் சொல்லிக்கொண்டு திரிகிறான். வாத்தியாருக்கு முட்டிவலியாம், வாய் மட்டும் குறையவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பையன் உன்னோடு கண்ணாடி துடைக்கும் வேலைக்கு வருகிறான் என்று எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். ஆனால் அடுத்த வரியிலேயே "முதலில் ஏணி பழகட்டும், மற்றதெல்லாம் அப்புறம்" என்று எழுதியிருக்கிறாயே, அது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

நீ ஒரு தடவைகூட விழுந்ததில்லை. தெரியும், எந்தக் கூட்டத்திலும் அதைச் சொல்லாமல் நீ எழுந்ததில்லை. அதில் உன் திறமை பாதி, தரை ஒத்துழைத்தது மீதி. ஒன்று, ஏணி அடிக்கால் நழுவிக் கைவிடும், இல்லையென்றால் நாம் எட்டும்போது மேல்முனை பக்கவாட்டில் சரியும். நம் தொழிலில் இரண்டுக்கும் நாமே வசதி செய்து கொடுக்கிறோம். சோப்புத் தண்ணீரை அதன் காலடியிலேயே சொட்டவிடுகிறோம். "இந்த ஓரம் மட்டும்தானே" என்று இறங்கி ஏணியை நகர்த்தாமல் கையை நீட்டுகிறோம். 4 மீட்டர் உயரத்துக்கு அடி 1 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், பெல்ட்டின் பக்கிள் ஏணியின் இரண்டு பக்கச் சட்டங்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும், இரண்டு காலும் ஒரு கையும் எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும் என்றெல்லாம் நீ பையனுக்குச் சொல்லித் தருவாய். அவன் ஒரு கையில் வைப்பரும் மறு கையில் ஈரத்துணியும் வைத்திருந்தால் அந்த மூன்றாவது பிடிக்கு எங்கே போவான்?

பிரிட்டனில் 2005இல் உயரத்தில் செய்யும் வேலைகளுக்கென விதிமுறைகள் வந்தபோதுகூட ஏணியைத் தடை செய்யவில்லை. யோசிக்கும் வரிசையைத்தான் வைத்தார்கள். ஏறாமலே முடியுமா என்று முதலில் பார். முடியாதென்றால் விழாமல் இருக்க ஏற்பாடு செய். அதுவும் முடியாதென்றால் விழுந்தாலும் அடி குறைவாகப் படும்படி செய். ஏணி அங்கே ஆபத்து குறைந்த, ஒரு மூச்சில் 30 நிமிடத்துக்கு மேல் போகாத சின்ன வேலைக்குத்தான். நீ கடைசிப் படியிலிருந்து தொடங்கச் சொல்கிறாய்.

ஏறாமலே முடிக்கத்தான் நான் தண்ணீர்க் கம்பு வாங்கினேன். தரையில் நின்றபடியே உயரத்துக்கு நீட்டும் நீளக் கம்பு, நுனியில் பிரஷ்ஷும் தண்ணீரும் வரும். அப்போது நீங்கள் எல்லோரும் "சிலம்பம் ஆடப் போகிறானா" என்று சிரித்தது எனக்கு மறக்கவில்லை. சிரியுங்கள். துடைக்காமல் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைக் கறை விழாதா என்று நீ கேட்டாய் இல்லையா? கறை விழுவது தண்ணீரால் அல்ல, அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, மக்னீசிய உப்புகளால். உப்பை வடிகட்டும் ஆர்.ஓ. வழியாகவும் பிறகு மிஞ்சிய உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் வழியாகவும் விட்டு, டிடிஎஸ் மீட்டர் (கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டுவது) பூஜ்யம் காட்டும் தண்ணீரை அடித்துப் பார். காய்ந்தபின் மிஞ்ச அதில் ஒன்றுமே இல்லை. ஜன்னலின் மேல்சட்டத்தை முதலில் தேய்த்து அழுக்கை இறக்கிவிட வேண்டும், அப்புறம் கண்ணாடி, கடைசியில் பிரஷ்ஷைக் கொஞ்சம் தூக்கி மேலிருந்து கீழாக அலச வேண்டும். அவ்வளவுதான், அடுத்த ஜன்னல். பல வருடம் கழுவாத சட்டமாக இருந்தால் முதல் தடவை அழுக்கு ஒழுகி மானத்தை வாங்கும். வாடிக்கையாளரிடம் அதை முன்பே சொல்லிவிடுவேன்.

கம்பில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாள் முழுக்க அண்ணாந்து பார்த்தால் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஹோஸ் நடைபாதையில் கிடந்தால் யாராவது தடுக்கி விழுவார்கள். வண்டியில் 500 லிட்டர் தொட்டி என்றால் 500 கிலோ. சரியாகப் பிணைக்காவிட்டால் பிரேக் பிடிக்கும்போது அது உன் முதுகுக்கு வரும். உள்பக்கக் கண்ணாடிக்கு வைப்பர்தான், அதில் உன் கை வராது யாருக்கும். அதைப் பையனுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடு.

இதை மட்டும் விளையாட்டாகப் படிக்காதே. கம்பு செய்யும் கார்பன் ஃபைபர் மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியமும் கடத்தும். கண்ணாடி இழைக் கம்பும் நனைந்துவிட்டால் நம்பக் கூடாது. கம்பை நிமிர்த்துவதற்கு முன் அண்ணாந்து கம்பி போகிறதா என்று பார்ப்பதுதான் பையன் கற்க வேண்டிய முதல் பாடம். அருகில் மின்கம்பி இருந்தால் அந்தப் பக்க ஜன்னலை விட்டுவிடட்டும். காசு போனால் போகட்டும்.

என்னிடம் பழைய கண்ணாடி இழைக் கம்பு ஒன்று சும்மா கிடக்கிறது. கனம்தான், ஆனால் பழகப் போதும். அவனை ஒரு வாரம் இங்கே அனுப்பு. நீயும் வரலாம், பின்னால் நின்று கத்தாமல் இருப்பதாக இருந்தால். அதற்கு முன் உங்கள் குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ் எவ்வளவு என்று அளந்து எழுது. குறைவாக இருந்தால் ரெசின் மட்டுமே போதும், அதிகமென்றால் ஆர்.ஓ.வும் வேண்டும். தண்ணீரில் குளோரின் வாசம் வருகிறதா என்றும் பார், வந்தால் முன்னால் ஒரு கார்பன் ஃபில்டர் வைக்காமல் ஆர்.ஓ.வின் சவ்வைக் (மெம்பிரேன்) கெடுத்துக்கொள்ளாதே. நீயாவது என்னைப் போல மாதக்கணக்கில் இழுக்காமல் பதில் போடு.

அன்புடன்,
உன் சிலம்பக்காரன்