ஓட்டுக்கு மட்டும் ரயில்

திருப்பூர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் உன்னையும் படுத்துகிறது என்று படித்ததில் எனக்கு ஓர் அற்ப ஆறுதல். படியேற முடியாமல் மாடியை வாடகைக்கு விட்டுவிட்டேன். பனியன் கம்பெனிப் பையன்கள் நான்கு பேர், ஜார்க்கண்டில் தும்கா பக்கம்.

அதில் ஒருவன் தினமும் இரவு படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவோடு வீடியோவில் பேசுகிறான். இந்தி என்று நினைத்தேன், சந்தாலியாம். அந்த அம்மாள் அடுப்பில் கொதிப்பதைக்கூடத் திறந்து காட்டுகிறார். நாம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது, வெளியூருக்கு டிரங்க் கால் பதிந்துவிட்டு ஜனங்கள் நாள் முழுக்கக் காத்துக்கிடந்ததும், "லைன் கிடைக்கவில்லை" என்று சொல்லிச் சொல்லியே நம் தொண்டை கட்டியதும் நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் முந்திக்கொள்ளும் அவசர அழைப்பான லைட்னிங் கால் என்றால் நீ நாற்காலியை விட்டே எழுந்துவிடுவாயே!

ஒரு நாள் மளிகைக் கடையில் மீதியாக வந்த நூறு ரூபாய் நோட்டை நீட்டி, இதில் தமிழ் எது என்று கேட்டான். காட்டினேன். உன் மொழி எது என்றேன். பின்பக்கப் பட்டியலில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டிவிட்டு, இல்லை என்று சிரித்தான். சந்தாலி அரசியலமைப்பின் மொழிப் பட்டியலான எட்டாவது அட்டவணையில் ஏறியது 2003-இல். நோட்டில் இன்னும் ஏறவில்லை. அவனுக்கு அதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. சம்பளத்தில் பாதி கைப்பேசி வழியாக அன்றைக்கே ஊருக்குப் போய்விடுகிறது.

போகாதது ஓட்டு மட்டும்தான். 2024-இல் நமக்கு ஏப்ரல் 19, தும்காவுக்கு ஜூன் 1. தன்பாத் எக்ஸ்பிரஸில் இரண்டு நாள், அப்புறம் பஸ். பீஸ் ரேட்டில் தைப்பவனுக்கு ஒரு வாரக் கூலி போச்சு. நால்வரில் ஒருவன்தான் போனான், அவனும் தங்கை கல்யாணத்தைச் சாக்கிட்டு. படிக்கட்டுப் பையனிடம், இங்கேயே பெயரைச் சேர்த்துக்கொள்ளலாமே, சட்டம் இடம் கொடுக்கிறதே என்றேன். "நிலம் அங்கே, முகியா (பஞ்சாயத்துத் தலைவர்) அங்கே. இங்கே போட்டு என்ன செய்ய?" என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

வெளியூரில் இருப்பவர்கள் ஒரே சாவடியிலிருந்து 72 தொகுதிகளுக்கு வாக்களிக்கும் இயந்திரத்தைக் காட்டுகிறோம் என்று 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளை அழைத்தது. கட்சிகள் சந்தேகப்பட்டன, பேச்சு அதோடு நின்றது. சந்தேகம் தப்பென்று நான் சொல்லமாட்டேன். டெலிபோன் லைனில் காது வைத்து ஒட்டுக்கேட்பது எவ்வளவு சுலபம் என்று நமக்குத் தெரியாதா? ஆனாலும் அந்தப் பையனை ரயிலேறச் சொல்ல மனம் வரவில்லை.

நாக்பூரில் மகளோடு இருக்கிறாயே, உன் பெயர் இப்போது எந்தப் பட்டியலில்? இங்கேதான் என்றால் முன்கூட்டியே எழுது. கீழ் அறை காலிதான், படியேற வேண்டாம்.

உன்
பழைய எக்ஸ்சேஞ்ச் கூட்டாளி