கூட்டத்துக்குப் பணிஸ் வேண்டாம், இலைக்கஞ்சி போதும்

வன்னியில் உள்ள கிராம அபிவிருத்திச் சங்கங்களுக்கும் மாதர் சங்கங்களுக்கும்,

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு சங்கத்தில் நானும் உறுப்பினர்தான். போன மாதக் கூட்டத்தில் என் பக்கத்தில் இருந்த அம்மா சலரோக (நீரிழிவு) கிளினிக்கில் இருந்து நேரே வந்தவர், மடியில் கொப்பியும் குளிசைப் பையும். கூட்டம் முடிய எல்லாருக்கும் சீனிப் பணிசும் சோடாவும் வந்தது. அவர் பணிசைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வேண்டாம் எண்டால் குறை நினைப்பினம்" என்று சொல்லிச் சாப்பிட்டார். அது எனக்கு இன்னும் மனதை அறுக்கிறது.

பழியைப் பேக்கரியின் தலையில் மட்டும் போட முடியாது. வீட்டிலும் அதே கதைதான். தேத்தண்ணிக்கு 3 கரண்டி சீனி, கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தாலும் நாளுக்கு 5 தேத்தண்ணியில் 60 கிராம் போய்விடுகிறது. வளர்ந்தவருக்குப் பொதுவாக 50 கிராமுக்குள், முடிந்தால் 25 என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உப்பு 5 கிராம், ஒரு தேக்கரண்டி அளவு. கருவாடும் ஊறுகாயும் ஒரே கோப்பையில் விழுந்தால் அது எப்போதோ தாண்டிவிடும். முன்பு வயலில் குனிந்து நிமிர்ந்து அறுத்தோம், இப்போது மெசின் அறுக்கிறது, கடைக்கும் மோட்டார் சைக்கிள். சாப்பாட்டின் அளவு மட்டும் குறையவில்லை.

வவுனியாப் பக்கம் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் வேறு இருக்கிறது, அதைச் சமையலோடு போட்டுக் குழப்ப வேண்டாம். நான் பேசுவது சலரோகத்தையும் பிரசரையும்.

கேட்பது இதுதான். கூட்டத்துக்கும் சிரமதானத்துக்கும் இலைக்கஞ்சி காய்ச்சுவோம். மொட்டைக்கறுப்பன் அரிசி ஒரு சுண்டு, குழைய அவிய விட்டு, முருங்கை இலையும் வல்லாரையும் அரைத்துப் பிழிந்த சாறு, நாலு பல் உள்ளி, கடைசியில் கொஞ்சம் தேங்காய்ப்பால். சாறு விட்ட பிறகு கொதிக்க விடக் கூடாது, நிறம் கறுத்துவிடும். சீனி தேவையே இல்லை. இல்லாவிட்டால் அவித்த கடலையும் வெறுந்தேத்தண்ணியும் போதும். சோடாக் காசிலேயே இதைச் செய்யலாம். அப்புறம், மாதர் சங்கம்தானே, அவர்களே பார்க்கட்டும் என்று விட்டுவிடாதீர்கள். தேங்காய் துருவவும் பானை கழுவவும் ஆண்களும் வாருங்கள்.

கஞ்சி குடித்தால் குளிசையை நிறுத்தலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வருத்தம் வந்தவர் கிளினிக்கை விடக் கூடாது. வராதவர்கள், 35 வயது தாண்டியிருந்தால், அரச ஆஸ்பத்திரியில் சீனியும் பிரசரும் இலவசமாகப் பார்க்கலாம், ஊருக்குள் பலர் அந்தப் பக்கமே போகவில்லை. தாதியர் ஒருவரைச் சங்கத்துக்கே கூப்பிட்டால் வெட்கப்பட்டு நிற்பவர்களும் கையை நீட்டுவார்கள்.

எங்கள் சங்கத்துக்கு மட்டும் ஒன்று: அடுத்த கூட்டத்துக்கு முருங்கை இலை என் பொறுப்பு, காலையிலேயே உருவிக் கொண்டு வருகிறேன். பெரிய பானை யாரிடம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.

உங்களில் ஒருவர்