ஸ்ட்ராஸ்பர்க்கில் மூண்ட பகை

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் முழங்கால் வலி இன்னும் குறையவில்லை. அதன் புண்ணியத்தில் வீட்டோடு கிடந்து, ரிட்லி ஸ்காட் 1977இல் எடுத்த முதல் படமான ‘தி டூயலிஸ்ட்ஸ்’ஸை இரண்டு முறை பார்த்துவிட்டேன். படையில் இருந்தவன் நீ என்பதால் உனக்கு எழுதத் தோன்றியது.

நெப்போலியனின் குதிரைப்படையில் லெப்டினன்டுகளான தூபேர், ஃபெரோ இருவருக்கும் 1800இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மூளும் பகை 1816 வரை அணைவதில்லை. மேயரின் உறவினரை வாட்சண்டையில் குத்திய ஃபெரோவுக்கு, வீட்டுக்காவல் என்ற தளபதியின் ஆணையைச் சொல்லப் போனதுதான் தூபேர் செய்த ஒரே குற்றம். அதுவும் ஒரு சீமாட்டியின் வீட்டுக்கே தேடிவந்து சொன்னான் என்பதைத்தான் ஃபெரோவால் பொறுக்க முடியவில்லை.

பதவியில் சமமானவர்களே மோதலாம் என்பது அக்கால மரபு. ஆகவே தூபேருக்குப் பதவி உயர்வு என்பது உயிர்ப்பிச்சை. பின்னாலேயே ஃபெரோவும் உயர்ந்துவிட்டால் மறுபடியும் வாள்தான். நிற்கவும் தெம்பில்லாமல் நிலவறையில் இருவரும் கனத்த வாள்களைச் சுழற்றும் காட்சியில் வீரம் துளியும் இல்லை, களைப்பு மட்டுமே இருக்கிறது. படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இந்தப் படம் எழுத்தாளர் ஜோசப் கான்ராட்டின் கதையிலிருந்து எடுத்தது. அந்தக் கதைக்கு மூலமான துப்போன், ஃபூர்னியே என்ற மெய்யான அதிகாரிகளின் பகை 1794இல், அதே ஸ்ட்ராஸ்பர்க்கில்தான் தொடங்கியதாம். ஃபூர்னியே பிறந்த சார்லா ஊரையொட்டியே படத்தின் பல காட்சிகளையும் எடுத்திருக்கிறார்கள்.

என்னை உறங்கவிடாத இடம் ஒன்று உண்டு. நெப்போலியன் வீழ்ந்தபின் மரண தண்டனைக்குரியோர் பட்டியலில் ஃபெரோவின் பெயர் இருப்பதை அறிந்த தூபேர், அமைச்சர் ஃபூஷேயிடம் தானே போய், யாருக்கும் தெரியாமல் அதை அடிக்கச் செய்கிறான். என் மனைவி அதை இரக்கம் என்கிறாள். எனக்கோ, தன் எதிரியைக் கொல்ல அரசாங்கம் யார் என்ற வீம்பாகவே படுகிறது.

கடைசி மோதலில் எதிரியின் உயிர் தன் கைக்கு வந்தும் தூபேர் சுடவில்லை. இனித் தன்னைப் பொறுத்தவரை செத்தவனாக நடந்துகொள்ளும்படி சொல்லிவிட்டுப் போகிறான். ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி, நெப்போலியனைப் போலவே தொப்பியணிந்து ஃபெரோ தனித்து நிற்பதோடு படம் முடிகிறது. அந்த இடத்தில் நீ நின்றிருந்தால், குண்டையே கேட்டிருப்பாயா? படத்தைப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
ராமநாதன்