பழைய உயர நாற்காலியில் பிள்ளையை உட்காரவைக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் குழந்தைகளுக்கான உயர நாற்காலியை வாங்கி, மேலாக வார்னிஷ் அடித்துச் சாப்பாட்டு மேஜையருகே போட்டுவிடுகிறார்கள். அலங்காரத்துக்கு என்றால் சரி. பிள்ளையை உட்காரவைப்பதாக இருந்தால் அதன் அமைப்பைப் பார்த்தே ஆக வேண்டும்.

மடியில் வைத்து ஊட்டிய நம் வீடுகளுக்கு இந்த நாற்காலி மேஜையோடு சேர்ந்துதான் வந்தது. 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செய்தவற்றில் முன்தட்டு கிடையாது. மேஜையை ஒட்டித் தள்ளிவிடுவார்கள். கவிழாதிருக்க நான்கு கால்களும் வெளியே சாய்ந்து, தரையில் அகலமாக நிற்கும். முன்தட்டும், மடக்கினால் சக்கர வண்டியாகும் வகையும் 19-ஆம் நூற்றாண்டில் பரவின. 1972-இல் நார்வேயில் பீட்டர் ஆப்ஸ்விக் வடிவமைத்த ட்ரிப் ட்ராப் என்ற நாற்காலியில், பிள்ளை வளர வளர உட்காரும் பலகையையும் கால்பலகையையும் இறக்கிக்கொள்ளலாம்.

உயரம் அதிகம் என்று பழைய நாற்காலியின் காலை அறுக்காதீர்கள். சாய்ந்த காலை அறுத்தால் தரையில் பிடிக்கும் அகலமும் போய்விடும்.

பெரிய ஆபத்து முன்பக்கத்தில் இருக்கிறது. பலவற்றில் குறுக்கே ஒரு கழி மட்டும்தான். பிள்ளை அதற்கடியில் வழுக்கி இறங்கினால் கழுத்து மாட்டிக்கொள்ளும். இரு தொடைகளுக்கும் நடுவே வரும்படி ஒரு கட்டையைப் பலகையின் அடியிலிருந்து திருகாணி போட்டு நிறுத்துங்கள். இடுப்பு வாரும் வேண்டும். அதைத் தட்டில் கட்டாமல் சட்டத்தில் பொருத்துங்கள்.

அடுத்தது மூட்டு. கோடையில் மரம் சுருங்கும், ஐப்பசி அடைமழையில் உப்பும். வருஷக்கணக்கில் இப்படி நடந்து பழைய வச்சிரம் (மரம் ஒட்டும் பசை) பொடிந்து மூட்டு ஆடும். அதற்கு ஆணி அடிப்பதுதான் இங்கே வழக்கம். மரம் பிளக்கும், ஆணி துருப்பிடிக்கும், துளை இன்னும் பெரிதாகும். மூட்டைக் கழற்றி, வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றி வைத்தால் வச்சிரம் இளகும். அதைச் சுத்தமாகச் சுரண்டுங்கள்; பழைய பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது. நன்றாகக் காய்ந்தபின் பசை தடவிச் சேர்த்து, கயிற்றைச் சுற்றி, குச்சி செருகி முறுக்கி ஒரு நாள் விடுங்கள்.

பெயின்ட் அடித்த நாற்காலி என்றால் கூடுதல் கவனம் தேவை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பல் முளைக்கும் பிள்ளை முதலில் கடிப்பது தட்டின் விளிம்பைத்தான். உப்புத்தாளை உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூள் வீடெங்கும் படியும். வெளியில் வைத்து, ஈரமாகத் தேய்த்து, வழித்த கழிவைத் துணியோடு கட்டி அப்புறப்படுத்துங்கள். அடுக்கடுக்காக உரியும் பெயின்ட் என்றால் அந்த நாற்காலி பொம்மை வைக்க மட்டுமே ஆகும். விற்கும் கடைக்காரர்களும் இதை வாங்குபவரிடம் சொல்லி விற்க வேண்டும்.

— பழைய மரச்சாமான் பழுதுபார்க்கும் தச்சர்கள்,
கும்பகோணம்