திரும்பச் சேர நினைக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

பிரிந்து போன உன் காதலன் “பார்க்கலாமா” என்று கேட்டிருக்கிறான், நீயும் சரி சொல்லிவிட்டாய். சந்தோஷம். அவனுக்கு இன்னும் உன்மேல் அன்பு இருக்கிறதா என்று கேட்கிறாய். எனக்கு அதில் சந்தேகமே இல்லை. சண்டை மூளும் அந்த அரை மணி நேரத்தைக் கடக்கத்தான் உங்களுக்கு வழி தெரியவில்லை.

நீ அப்பாவிடம் அடிவாங்கி வளர்ந்தவன். குரல் உயர்ந்தால் வாயடைத்துப்போய் அறைக்குள் போய்விடுவாய். அவன் சின்ன வயதிலேயே ஹாஸ்டலில் விடப்பட்டவன். நீ கதவைச் சாத்தினால் விட்டுப் போய்விட்டாய் என்றே அவன் உடம்பு நினைக்கும். தட்டுவான், விடாமல் போன் அடிப்பான். அவன் துரத்தத் துரத்த நீ இன்னும் உள்ளே போவாய்.

படபடப்பு ஏறியபின் யார் பேச்சும் காதில் ஏறாது. அது அடங்கக் குறைந்தது இருபது நிமிஷமாவது வேண்டும். எழுந்து போ, ஆனால் “ஒன்பது மணிக்கு வந்து பேசுறேன்” என்று நேரம் சொல்லிவிட்டுப் போ. அதுவரை அவன் கூப்பிடக் கூடாது, மெசேஜும் வேண்டாம். நீயும் திருப்பிச் சொல்லப்போகும் பதிலை மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருக்காதே, படபடப்பு இறங்காது. பாத்திரம் கழுவு, தெருவில் ஒரு நடை நட. ஒன்பது என்றால் ஒன்பதுக்கு வந்து உட்கார். பேச வார்த்தை வராவிட்டாலும் வா. பெரும்பாலும் இங்கேதான் கெடும்: நேரம் சொன்னவன் வரமாட்டான், அடுத்த முறை மற்றவன் காத்திருக்கமாட்டான். இந்த ஏற்பாட்டைச் சண்டைக்கு நடுவில் பேசாதீர்கள், நல்லபடியாக இருக்கும் ஒரு நாளில் பேசி வையுங்கள்.

முதல் சந்திப்பு பகலில், ஆள் நடமாட்டமுள்ள இடத்தில், ஒன்றரை மணி நேரம் போதும். அன்றே வீட்டுக்குப் போகவேண்டாம். அணைத்துக்கொண்டால் பேசவேண்டியது பேசாமலே போய்விடும். “எல்லாத்துக்கும் ஸாரி” என்பது மன்னிப்பில் சேராது. எந்த நாள், எந்தச் சொல் என்று சொல்லிக் கேள். “நீயும் உங்கப்பன் மாதிரிதான்” என்ற வார்த்தை மட்டும் இருவர் வாயிலும் இனி வரவே கூடாது. அவன் கை ஓங்கினால், அவன் சின்ன வயதில் பட்ட கஷ்டத்தைக் காரணம் காட்டி நீ பொறுத்துப் போகாதே. விலகிவிடு.

நெருங்குமுன் இருவரும் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ளுங்கள், இலவசம்தான். மனசு தாங்காத இரவில் 14416-ஐக் கூப்பிடு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம். ஆணைக் காதலிக்கும் உன்னை ‘மாற்றித் தருகிறேன்’ என்று எந்த மருத்துவராவது சொன்னால் எழுந்து வந்துவிடு. அது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது.

சேர்ந்து வாழ்வது என்று முடிவானால், உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பு உங்களைக் குற்றவாளிகள் இல்லை என்றது, ஆனால் அதன் 2023 தீர்ப்பு திருமண உரிமை தரவில்லை என்பதை நினைவில் வை. இருந்தாலும் கூட்டு வங்கிக் கணக்குக்கும், துணையை நாமினியாகப் போடுவதற்கும் தடை இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் 2024 ஆகஸ்டில் தெளிவுபடுத்திவிட்டது. அவசரமில்லை, ஆறு மாதம் போகட்டும்.

இன்னொன்று. தீபாவளிக்கோ திவசத்துக்கோ ஊருக்குப் போய்த் திரும்பும் இரவில் பழசெல்லாம் கிளறிவிட்டிருக்கும். அன்று எந்த முடிவும் பேசாதீர்கள். சாப்பிட்டுத் தூங்குங்கள், மறுநாள் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
அண்ணன்